முப்பத்தொரு பொத்தான்கள்

என் அண்ணிக்கு ‘முடியாது’ என்ற சொல் வாயில் வராது. எனக்கு அதைத் தவிர வேறெதுவும் சட்டென்று வராது. இந்த இரண்டு பேரையும் ஒரே மேசைக்கு எதிரெதிராக உட்காரவைத்துத் தொழில் செய்யச் சொன்னவன் என் அண்ணன். அவன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். இரண்டு அணிகளைக் களத்தில் இறக்கிவிட்டு ஓரமாக நின்று விசில் ஊதுவது அவனுக்குப் பழகிய வேலை.

சின்ன வயதிலிருந்தே என்னை அவன் ‘வேணாம்’ என்றுதான் கூப்பிடுவான். எதை நீட்டினாலும், அது என்னவென்று பார்ப்பதற்கு முன்பே வேணாம் என்று சொல்லிவிடுவேனாம். கல்யாணமாகி வந்த மறுமாதமே அண்ணிக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டான்: ‘சரிங்க’. அண்ணி ஒரு பெரிய மருத்துவமனையின் விசாரணை மேசையில் ஒன்பது வருடம் இருந்தவர். ஆனால் வீட்டில் யார் எதைக் கேட்டாலும் முதல் வார்த்தை ‘சரிங்க’தான்; என்ன கேட்டார்கள் என்று அதற்குப் பிறகுதான் யோசிப்பார். நாத்தனாரும் அண்ணியும் ஒரே அடுப்படியில் நின்றால் அடுப்பு மூட்டாமலே புகை வரும் என்பார்கள். எங்களுக்குள் அடுப்படியில் ஒரு சண்டையும் வந்ததில்லை. எல்லாச் சண்டையும் ஒரு கணினித் திரையை வைத்துத்தான்.

அது தொடங்கிய சமயத்தில் எனக்கு வேலை போயிருந்தது. நான் இருந்த பிரிவையே மூடிவிட்டார்கள். அண்ணன் வீட்டின் பின்னறையில் படுத்துக்கொண்டு மின்விசிறியை எண்ணிக்கொண்டிருந்தேன். அது ஒரே ஒரு விசிறிதான், ஆனாலும் எண்ணினேன். அந்தக் கட்டடத்தின் கீழே ஒரு சலவைக்கடை இருந்தது. ஒருநாள் அங்கே பெரிய ரகளை. ஒருவருடைய கோட்டு தவறிப்போய் இன்னொருவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. அவரும் தன்னுடையதுதான் என்று நினைத்து ஒரு வாரம் போட்டிருக்கிறார். அதையே மாட்டிக்கொண்டு அடுத்த துணிமூட்டையோடு அவர் கடைக்கு வந்த நேரத்தில், கோட்டின் சொந்தக்காரர் கவுண்ட்டரில் நின்று தன் கோட்டைக் கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

சலவைக்கடைக்காரர் மாடி ஏறி வந்து அண்ணனிடம் புலம்பினார். அண்ணன் பின்னறைப் பக்கம் கையைக் காட்டினான்.

“உள்ள ஒருத்தி விட்டத்தப் பாத்துட்டு இருக்கா பாருங்க, என் தங்கச்சி. கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் செஞ்சு தருவா. அவளுக்கும் ஒரு வேலையாச்சு, உங்களுக்கும் ஒரு வழியாச்சு.”

நான் வழக்கம்போல வேணாம் என்றேன். மூன்று வாரத்தில் செய்து கொடுத்தேன்.

அந்த முதல் திரை இன்றும் எனக்குக் கண்ணை மூடினால் தெரியும். வெள்ளைத் திரையில் நான்கு கட்டங்கள்: சீட்டு எண், பெயர், எத்தனை துணி, என்றைக்குத் தரவேண்டும். கீழே இரண்டு பொத்தான்கள்: ‘தயார்’, ‘கொடுத்தாச்சு’. அவ்வளவுதான். சலவைக்கடைக்காரர் அதுவரை கணினியைத் தொட்டதில்லை. பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டு, பதினோராவது நிமிடம் தன் மனைவிக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு வந்த கர்வம், அதற்குமுன் பெரிய பெரிய நிறுவனங்களுக்கு எழுதிய எதிலும் வந்ததில்லை.

சலவைக்கடைக்காரர்கள் எல்லாரும் சோப்பு மொத்த வியாபாரியிடம்தான் சந்தித்துக்கொள்வார்கள். அங்கே பேச்சு பரவியது. ஒரு வருடத்தில் பதினைந்து கடை, இரண்டாம் வருடம் நாற்பது. போன் ஓயாமல் அடித்தது. எனக்குப் போனில் பேச வராது. எதிரே இருப்பவர் மூச்சு விடும் இடைவெளியில் நான் வைத்துவிடுவேன். அண்ணி மருத்துவமனையை விட்டுவிட்டு என்னோடு வந்தார். ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்கு எடுத்தோம். கீழே இயந்திரம் ஓட ஓட எங்கள் தரை வெதுவெதுப்பாக இருக்கும். மழைக்காலத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் அவ்வளவு சுகம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நடுவில் போன், ஜன்னலைத் திறந்தால் பேருந்து நிறுத்தம்.

அண்ணியின் குரலைக் கேட்பதற்காகவே சிலர் போன் செய்தார்கள் என்று நினைக்கிறேன். கடைக்காரர்கள் அவரை ‘சரிங்கம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேட்டதையெல்லாம் அவர் ஒரு நோட்டில் எழுதிவைத்தார். ஒரு கடைக்காரருக்குக் கறை எந்த நிறம் என்று குறிக்க ஒரு பொத்தான் வேண்டும். இன்னொருவருக்குக் கஞ்சி எவ்வளவு போட வேண்டும் என்பதற்கு மூன்று பொத்தான். ஒருவர் வாடிக்கையாளர்களின் பிறந்தநாளைக் கேட்டார். ஒருவர் திரையில் தன் அப்பாவின் படத்தைக் கேட்டார். இன்னொருவருக்குத் திரை அடிக்கடி மணி அடிக்க வேண்டுமாம்.

“சரிங்க, செஞ்சுடலாங்க” என்று சொல்லி வைத்துவிட்டு அண்ணி என் பக்கம் திரும்புவார்.

“யாரு செய்யறது அண்ணி?”

“நீதான். எனக்கா தெரியும்?”

“எனக்குத் தெரியும், அதனாலதான் முடியாதுங்கறேன். ஆளுக்கு ஒண்ணுன்னா நாப்பது பேருக்கு நாப்பது. இடம் குடுத்தா மடத்தப் புடுங்குவாங்க.”

“புடுங்கட்டுமே. அவங்க கடை, அவங்க கம்ப்யூட்டர். நமக்கென்ன நஷ்டம்?”

“ஒருத்தர் கேட்டது மத்த முப்பத்தொம்பது பேரு கண்ணுலயும் தினமும் உறுத்தும். அதான் நஷ்டம்.”

ஒருநாள் இந்தச் சண்டை முற்றிப்போய், “மனுஷங்ககிட்ட இல்லன்னு சொல்றதுல உங்களுக்கு என்னதான் கஷ்டம்?” என்று கேட்டுவிட்டேன். அண்ணி கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

“ஆஸ்பத்திரில என் மேசைக்கு முன்னாடி வந்து நிக்கிறவங்க எல்லாம் ஏற்கெனவே பயந்துபோய்த்தான் வருவாங்க. டாக்டர் இல்ல, பெட் இல்ல, இன்னைக்கு பாக்க முடியாது... நான் சொன்னதெல்லாம் ‘இல்ல’தான். ஒம்போது வருஷம். அதைக் கேட்டதும் அந்த முகம் எப்படிச் சுருங்கும்னு நீ பாத்ததில்லடி. அந்த மேசைய விட்டு எழுந்தா அந்த வார்த்தை என் வாயில வரக்கூடாதுன்னு அப்பவே ஒரு கும்பிடு போட்டுட்டேன்.”

ஆனாலும் நான் எதையும் சேர்க்கவில்லை. நோட்டு மட்டும் பருத்துக்கொண்டே போனது.

மூன்றாம் வருடம் மழைக்காலத்தில் ஜெராக்ஸ் கடைப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. கடைகளில் ஏதாவது பழுதானால் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே என்று என் பழைய அலுவலக நண்பனைக் கூப்பிட்டோம். அவனுக்கு அலுவலகத்தில் ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். கேள்வி கேட்கமாட்டான். சொன்னால் செய்வான், சொல்லி முடிப்பதற்குள் செய்வான். இந்தப் பக்கம் இல்லை என்று சொல்லாத அண்ணி, அந்தப் பக்கம் ஏன் என்று கேட்காத எக்ஸ்பிரஸ். நடுவில் அந்த நோட்டு. நான் வீட்டில் இடது கையால் சாப்பிடக் கற்றுக்கொண்டிருந்தபோது அங்கே என்ன நடந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

கட்டுப் பிரித்துத் திரும்பிய அன்று அறை அமைதியாக இருந்தது. அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க போல,” என்றார். “ஒரு வாரமா ஒரு போன் இல்ல. கேட்டதெல்லாம் குடுத்தாச்சு, இனி என்ன கேப்பாங்க?”

நான் திரையைத் திறந்தேன். நான்கு கட்டங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சுற்றிலும் பொத்தான்கள். சிவப்பில், பச்சையில், மூலையில் ஒன்று தானாக மின்னிக்கொண்டிருந்தது. எண்ணினேன். என்னுடைய இரண்டு போக முப்பத்தொன்று. யாரோ ஒருவருடைய அப்பா எல்லாவற்றுக்கும் மேலே இருந்து என்னை முறைத்துப் பார்த்தார். அவரை நாற்பது கடைகளுக்கும் அனுப்பியிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. திட்டுவதற்குக்கூட ஒருவரும் போன் செய்யவில்லை என்றால் அதற்கு ஓர் அர்த்தம்தான் இருக்கமுடியும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கீழே சலவைக்கடைக்குள் போனேன். கடைக்காரர் ஒரு நீளமான பேரேட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். கணினியின் மேல் ஒரு பூத்துண்டு போர்த்தியிருந்தது, தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவது போல. என்னைப் பார்த்ததும் பேரேட்டை இடுப்புக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். முடியவில்லை, அது அவரைவிட அகலம்.

“தப்பா நினைக்காதீங்கம்மா,” என்றார். “ஒரு சட்டைக்கே ஏழு பட்டன்தான். உங்க ஸ்கிரீனுக்கு எதுக்கும்மா முப்பது? எதை மாட்டுறது, எதை அவுக்கறதுன்னே புரியல.”

“சொல்லியிருக்கலாமே?”

“சரிங்கம்மா மனசு கஷ்டப்படும். நாங்க கேட்டதைத்தானே அவங்க செஞ்சாங்க? இதுல ரெண்டு நானே கேட்டது.”

மறுநாள் காலை அண்ணியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. தானே போய்ப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, கைப்பையைத் தோளிலிருந்து எடுக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்னப் பாத்ததும் அவசர அவசரமா துண்ட எடுத்து அந்தக் கம்ப்யூட்டரத் தொடச்சாரு. தூசி படாம இருக்கத்தான் போட்டு வெச்சோம்னாரு. அவரு வீட்டம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க.”

அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். “நான் அப்பவே சொன்னேன்ல?”

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அண்ணி எழுந்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். அன்று முழுவதும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

அடுத்த நாள் காலையில் இரண்டு சாப்பாட்டு டப்பாக்களோடு வந்து என் எதிரே நின்றார். “எழுந்திரு. நீ சொல்றது சரியா, நான் சொல்றது சரியான்னு இங்க உக்காந்து பேசிப் பிரயோஜனமில்ல. கடையில போய் உக்காருவோம்.”

மூன்று நாள் அந்தச் சலவைக்கடையின் மூலையில், துவைத்த விரிப்புகளின் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தோம். ஆவி இயந்திரம் பெருமூச்சு விடும்போதெல்லாம் கடை முழுவதும் ஒருகணம் மறையும். கம்பிக் கொக்கிகளில் சட்டைகள் தலையில்லாத ஆட்கள் போல வரிசையாகத் தொங்கும். கடைக்காரர் ஒவ்வொரு துணியையும் தேடி ஏணியில் ஏறி இறங்கினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சீட்டு எண் வரிசையில் நான் கொடுத்திருந்த பட்டியல் அவரை முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டுக்கும், மறுபடி முதல் தட்டுக்கும் ஓடவிட்டது. ‘தட்டு வாரியா லிஸ்ட் வருமா?’ என்று அவர் கேட்டது அண்ணியின் நோட்டில் முதல் பக்கத்திலேயே இருந்தது. நான்தான் பென்சிலால் குறுக்கே கோடு போட்டிருந்தேன், எக்ஸ்பிரஸும் அதைத் தாண்டிப் போயிருந்தான்.

இரண்டாம் நாள் மத்தியானம், கணவர் சாப்பிடப் போனதும், அவர் மனைவி எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் துண்டை விலக்கினார்.

“அவரு பேரேட்டுல எழுதுவாரு. எனக்கு இதுதான் சரியா வருது,” என்றார்.

முப்பத்துமூன்று பொத்தான்களில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. கண் அவற்றின் பக்கமே போகவில்லை. தெருவில் தெரியாதவர்களைத் தாண்டி நடப்பது போலத் தாண்டிப் போனார். பெயர் என்ற கட்டத்துக்குள் மட்டும் கடகடவென்று எழுதினார். நான் பின்னால் போய் நின்று படித்தேன்.

‘பச்சை கேட் டாக்டர் மூணாவது பட்டன் முன்னாடியே இல்ல’. அடுத்தது, ‘டீச்சரம்மா மஞ்சக் கறை போகலனா பரவால்லனு சொன்னாங்க’. அதற்கும் அடுத்தது, ‘ரெட்டைப் பசங்க வீடு ரெண்டும் ஒரே சட்டை கலக்காதே’.

அந்தக் கட்டத்தில் நாற்பது எழுத்துக்கு மேல் போகாதபடி நான் செய்து வைத்திருந்தேன், பெயர் அதைவிட நீளமாக இருக்காது என்று. அந்தம்மா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். இடம் முடிந்ததும் சீட்டு எண் பூஜ்யம் என்று ஒரு புதுப் பதிவைத் திறந்து மீதியை அதில் எழுதினார். மூன்று வருடமாக இப்படித்தான். பூஜ்யம் என்ற எண்ணில் மட்டும் எழுநூறு பதிவுகள் இருந்தன.

“கொஞ்சம் எழுத இடம் வேணும்னு அப்பவே போன்ல கேட்டேனே,” என்றார் அவர், குறையாகச் சொல்லாமல். “ஒரு வரி போதும்னேன்.”

நோட்டில் அதற்கும் நான்தான் கோடு போட்டிருந்தேன். அண்ணி என்னைப் பார்த்தார். நான் ஆவி இயந்திரத்தைப் பார்த்தேன். மடத்தைப் பிடுங்குவார்கள் என்று நான் சொன்னது இந்தம்மாவைப் பற்றித்தான். ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்று சொல்ல அண்ணிக்கு முழு உரிமை இருந்தது. அவர் சொல்லவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

மூன்றாம் நாள் அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து நோட்டைத் திறந்தோம். முப்பத்தொன்றில் பத்தொன்பது, ஒரே ஒரு வரி எழுத இடம் இருந்தால் தேவைப்படாதவை. கறையின் நிறம், கஞ்சி, கிழிசல், எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். தட்டு வாரியான பட்டியல் வேண்டும். அதில் அண்ணி ஜெயித்தார். எழுத்து பெரிதாக வேண்டும் என்பதிலும் அவரே ஜெயித்தார். மற்றதெல்லாம் போகட்டும் என்றேன் நான். பிறந்தநாளுக்காகக் கொஞ்சம் வாதாடிப் பார்த்துவிட்டு அண்ணி அடங்கிவிட்டார்.

“எடுத்துடு,” என்றார். “ஆனா ஒவ்வொருத்தருக்கும் நான்தான் போன் பண்ணிச் சொல்லுவேன். நான் குடுத்தது, நானே சொல்லித்தான் எடுக்கணும்.”

சொல்வது சுலபம். வாய் வர வேண்டுமே. அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை நடந்தது. அண்ணன் கடைக்காரராக நடித்தான். கழுத்தில் விசில்.

“ஹலோ சரிங்கம்மா, என் பட்டனைக் காணோமே?”

“ஆமாங்க, அது வந்து, எடுத்துட்டோம்...”

“திருப்பிப் போட்டுடுங்க.”

“சரிங்க.”

விசில். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. மறுபடி ஆரம்பித்தார்கள். பதினேழு விசிலுக்குப் பிறகு அண்ணி சிரிப்பும் அழுகையுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். “என்னால அந்த வார்த்தையச் சொல்ல முடியாது. வேற ஏதாச்சும் சொல்லிக்கறேன், விடுங்க.”

அந்த வேறு ஏதோ ஒன்றை அவர் திங்கட்கிழமை போனில்தான் கண்டுபிடித்தார். மணி அடிக்க வேண்டும் என்று கேட்ட கடைக்காரர் இணைப்பில் இருந்தார். அண்ணிக்கு ‘சரிங்க’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதை விழுங்கிவிட்டு, “எதுக்குங்க மணி கேக்குறீங்க?” என்றார்.

அந்தப் பக்கம் அவர் ஐந்து நிமிடம் பேசினார். அண்ணி ‘ம்’ கொட்டிக்கொண்டே கேட்டார்.

“அப்போ நீங்க உள்ள இஸ்திரி போடும்போது வாசல்ல ஆள் வந்து நின்னா தெரியல. அதுதானே? அதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்குங்க? வாசல்ல ஒரு காலிங் பெல் வெச்சிடுங்களேன்.”

அந்தப் பக்கம் வந்த சிரிப்பு எனக்கே கேட்டது.

நாற்பது பேரிடமும் பேச நான்கு நாள் ஆனது. ‘இல்லை’ என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. எதற்கு என்று கேட்டார், பதிலைக் கடைசிவரை கேட்டார். பாதிப் பேர் பேசி முடிப்பதற்குள் தாங்களே, “அது கெடக்கட்டும் விடுங்க” என்றார்கள். அப்பாவின் படம் கேட்டவரிடம் பேசிவிட்டு அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். படத்தைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டுவதாக அவர் ஒப்புக்கொண்டாராம். எல்லாரும் இப்படி இல்லை. எங்களுக்கு இருந்ததிலேயே பெரிய வாடிக்கை ஒரு தங்கும் விடுதி. அதன் சலவை மேற்பார்வையாளர், “குடுத்ததைத் திருப்பி எடுக்கறது சின்னப் பசங்க புத்தி” என்று சொல்லிவிட்டு அந்த வாரமே விலகிக்கொண்டார். அதற்காக நான் அவரைக் குறை சொல்லமுடியாது. கொடுத்துவிட்டுத்தான் எடுத்தோம்.

இரண்டு வாரத்தில் வீட்டுக்குக் கீழே இருந்த சலவைக்கடையில் துண்டு கணினியை விட்டு இறங்கி, கைதுடைக்கும் வேலைக்குத் திரும்பியது. போன் மறுபடி ஓயாமல் அடித்தது. என் வாழ்க்கையின் நல்ல காலம் எது என்று கேட்டால் அதற்குப் பிறகு வந்த ஆறு வருடங்களைத்தான் சொல்வேன். யாராவது ஒன்றைக் கேட்டால் அண்ணி எதற்கு என்று கேட்பார். அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பார். நான் வேணாம் என்பேன், பழக்கதோஷம். அவர் காரணம் சொல்வார். சில சமயம் நான் தோற்பேன், பல சமயம் அவர். தோற்றவர் கீழே போய் டீ சொல்லிவிட்டு வர வேண்டும். ஆறு வருடத்தில் மொத்தம் நான்கு பொத்தான்கள்தான் சேர்த்தோம். ஒவ்வொன்றும் யாருக்காகச் சேர்த்தோம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

எல்லாத் தீர்ப்பும் சரியாக இருந்தது என்று சொன்னால் பொய். ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையைக் கவனித்துக்கொண்ட ஒரு பெண் எங்களிடம் துணியின் படத்தைப் பிடித்துவைக்க வழி கேட்டார். அங்கே இருப்பவர்களில் பலருக்குத் தங்கள் துணி எது என்று நினைவில்லை. படத்தைக் காட்டினால் முகம் தெளிகிறது என்றார். அண்ணி அந்தப் பெண்ணுக்காக என்னோடு அரைநாள் வாதாடினார். நான் மசியவில்லை. ஓர் இடத்துக்காக எல்லாருக்கும் பாரம் ஏற்றமுடியாது என்றேன். அப்போதும் அண்ணி போனில் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. “எங்களால இப்ப செய்ய வரலங்க” என்று சொல்லி, வைத்த பிறகும் போனிலிருந்து கையை எடுக்காமல் இருந்தார்.

மூன்று மாதம் அது என்னை அரித்தது. கடைசியில் அவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று எழுதி எடுத்துக்கொண்டு, அண்ணியையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண் எங்களை உள்ளே அழைத்துப்போய் அலமாரியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு துணியின் உள்பக்கமும் ஒரு சின்னத் துண்டு தைக்கப்பட்டிருந்தது. பெயர் இல்லை. ஒன்றில் நீலப் பறவை, ஒன்றில் மிதிவண்டி, ஒன்றில் இரண்டு இலை. அவரவருக்குப் பிடித்ததை அவரவரிடம் கேட்டுத் தைத்திருந்தார்.

“படத்தைவிட இது நல்லா இருக்கும்மா. தொட்டுப் பாத்தே தெரிஞ்சுக்கறாங்க,” என்றார். “இருந்தாலும் இவ்வளவு தூரம் வந்தீங்களே.”

நான் எழுதியதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. திரும்பி வரும் வழியில் பேருந்தில் அண்ணி என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். தூங்குவது போல இருந்தாரோ என்னவோ.

பிறகு எல்லாக் கடைகளுக்கும் நடப்பதுதான் எங்களுக்கும் நடந்தது. ஒரு பெரிய நிறுவனம் கைப்பேசியிலேயே எல்லாம் செய்யும் ஒன்றை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. அதில் பொத்தான்கள் நூறு இருக்கும். ஆனாலும் இலவசம் இலவசம்தான். ஒவ்வொரு கடையாகக் கழன்று, கடைசியில் பத்தொன்பது மிஞ்சியது. அதே சமயத்தில் அண்ணனுக்குத் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அண்ணி போகத்தானே வேண்டும். கடைசி வாரம் பத்தொன்பது பேரையும் அவரே கூப்பிட்டு, தங்கள் பதிவுகளை எப்படி எடுத்துவைத்துக்கொள்வது என்று பொறுமையாகச் சொன்னார். அதில் ஒருவர், மூடப்போகிறோம் என்று சொன்ன பிறகும், “அதுக்குள்ள ஒரு சின்ன விஷயம் சேத்துத் தர முடியுமா?” என்று கேட்டாராம். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அவரிடம் எதற்கு என்று கேட்டுவிட்டு அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்காலிகளை வாங்க வந்தவர், அண்ணி எழுந்திருக்கட்டும் என்று வாசலிலேயே காத்திருந்தார்.

நான் இப்போது ஒரு பெரிய அலுவலகத்தில் இருக்கிறேன். மாதத்துக்கு நானூறு கோரிக்கைகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எத்தனை பேர் கேட்டார்கள் என்று கணக்குப் போட்டு, அதிகம் பேர் கேட்டதை முதலில் செய்கிறோம். யாருடைய குரலும் கேட்பதில்லை. எப்போதாவது நானே ஓர் எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்து, எதற்குக் கேட்டீர்கள் என்று விசாரிப்பதுண்டு. பெரும்பாலும் அந்தப் பக்கம் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பயந்துபோகிறார்கள்.

அண்ணி ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறார். அங்கே ஒரு நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறார்கள், அண்ணனுக்குத்தான் தொப்பை விழுந்துவிட்டதாம். அவரிடம் பேசி வைத்த மறுநாள் எனக்கு வேலை ஓடாது. சாயங்காலம் நான்கு மணி வாக்கில், நான் வேணாம் என்று சொன்ன ஒன்றுக்காக யாராவது என் எதிரே உட்கார்ந்து முழுமூச்சாகச் சண்டை போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். சுற்றிப் பார்ப்பேன். இங்கே எல்லாரும் ரொம்ப மரியாதையானவர்கள்.